மிளகுக் கொடியும் சிறு குடியானவரும்

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நஞ்சை முறிக்கும் ஆற்றல் மிளகுக்கு உண்டு என்ற நம்பிக்கையில் பிறந்த பழமொழி அது. உண்பவனுக்கு இவ்வாறு அரணாக நிற்கும் மிளகு, விளைவிப்பவனுக்கும் அரணாக நிற்கிறதா? ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்துக்கொண்டு மலைச் சரிவில் பாடுபடுகிற ஒரு குடும்பத்தை இந்தக் கொடி வறுமையிலிருந்து மீட்குமா? மாணவ நண்பர்களாகிய உங்கள்முன் இன்று இக்கேள்வியை வைக்க விரும்புகிறேன்.

மிளகுக்குப் பழந்தமிழ்ப் பெயர் கறி. யவனர்களின் கலங்கள் பொன்னோடு முசிறித் துறைக்கு வந்து கறியோடு திரும்பியதைச் சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர். உரோம நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போய்ச் சேருகிறதே என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி என்ற அறிஞர் குறைப்பட்டு எழுதினார். வரலாற்றுப் பாடத்தில் இவற்றைப் பெருமிதத்தோடு படிக்கிறோம், படிக்க வேண்டியதுதான். ஆனால், வந்த பொன் துறைமுகத்தில் இறங்கியது. வணிகர் பெட்டிக்கும் மன்னர் கருவூலத்திற்கும் போயிற்று. மலையில் ஏணி சாத்திக் கொடியில் சரம் பறித்தவன் கைக்கு அதில் எத்தனை துளி வந்தது என்பதற்குக் கணக்கு நம்மிடம் இல்லை. இந்தக் கணக்கு இல்லாமை ஏதோ தற்செயலானதன்று என்பது என் எண்ணம். மிளகின் கதையில் அன்று முதல் இன்று வரை விளைவிப்பவன் ஓரமாகவே நின்றிருக்கிறான்.

இனிக் கொடியைப் பார்ப்போம். மேற்கு மலைத்தொடரின் ஈரக் காடுகளே மிளகின் பிறந்தகம். அது தனக்கென்று தனி நிலம் கேட்பதில்லை. முள்முருங்கையோ, பலாவோ, சில்வர் ஓக்கோ, எந்த மரம் கிடைத்தாலும் அதைப் பற்றிக்கொண்டு ஏறிவிடும். காப்பித் தோட்டத்தின் நிழல் மரத்திலும் படரும். வீட்டுக் கொல்லையின் வேலியோர மரத்திலும் படரும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பூச்சரம் விடும்; ஆறு எட்டு மாதங்களில் காய் முற்றும். நட்ட மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டுகளில் முழு விளைச்சலுக்கு வந்து, நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும். நிலம் குறைவாக உள்ளவனுக்கு இதைவிட ஏற்ற பணப்பயிர் அரிது. பெரிய தோட்டக்காரனுக்கு மட்டும் வாய்க்கும் இயந்திரமோ ஆலையோ இதற்குத் தேவையில்லை. குடும்பத்தின் கைகளும் ஒரு களமும் போதும்.

நாற்றுக்குக்கூடப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இலங்கையில் உருவாகி, பின்னர் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்களும் ஏற்றுக்கொண்ட ஓர் எளிய முறை உண்டு. மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, அந்தப் பாதியில் தென்னை நார்க்கழிவும் மக்கிய எருவும் நிரப்பி, ஒரு தாங்கலின்மேல் சாய்வாக நிறுத்துகிறார்கள். கீழே நட்ட கொடி அந்த மூங்கில் தொட்டியை ஒட்டியே மேலே ஏறுகிறது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு நார்க்கழிவுக்குள் இறங்குகிறது. கொடி உச்சியை எட்டியதும், சில நாள் கழித்து, கணுக் கணுவாக நறுக்கிச் சிறு பைகளில் நட்டால், ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய கொடி. ஒரு தாய்க்கொடியிலிருந்து ஓராண்டில் ஏறக்குறைய நாற்பது கன்றுகள் கிடைக்கின்றன. கிராமத்துப் பெண்கள் நால்வர் சேர்ந்தால் ஓர் ஊருக்கு வேண்டிய கன்றுகளை ஒரு கூரை நிழலில் வளர்த்துவிடலாம். தாவரவியல் மாணவர்கள் கல்லூரித் தோட்டத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். பாடப் புத்தகத்துப் படத்தைவிட அது நன்றாக மனத்தில் நிற்கும்.

இவ்வளவு இணக்கமான பயிர் இருந்தும் மலைக் குடியானவர் ஏன் ஏழையாகவே இருக்கிறார்? விளைச்சல் போதாமையே காரணம் என்று பலர் சொல்வர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி காய் பறிக்கும் நாளில் ஒளிந்திருக்கிறது.

ஒரு சரத்தில் ஒன்றிரண்டு காய் சிவக்கும்போதுதான் பறிக்க வேண்டும் என்பது முறை. அப்படிப் பறித்த பச்சை மிளகு ஏறக்குறைய மூன்று கிலோவைக் காய வைத்தால் ஒரு கிலோ கருமிளகு கிடைக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தூய பாயிலோ சிமெண்டுக் களத்திலோ நான்கைந்து நாள் வெயிலில் உலர்த்தினால் ஒரே சீரான கருநிறம் ஏறும், பூஞ்சணமும் பிடிக்காது. நன்கு பழுத்த காய்களை ஓடும் நீரில் ஒரு வாரத்திற்கு மேல் ஊற வைத்துத் தோலைக் கசக்கி எடுத்து உலர்த்தினாலோ, அதே கொடியின் காய் வெண்மிளகாகி இன்னும் மிகுந்த விலைக்குப் போகும். வணிகர்கள் மிளகின் தரத்தை லிட்டர் எடையால் அளக்கிறார்கள். ஒரு லிட்டர்ப் படியில் 550 கிராம் நின்றால் அது நல்ல மிளகு. முற்றாமல் பறித்தது இலேசாக இருக்கும். நீரில் போட்டால் மிதக்கும். வீட்டில் உள்ள மிளகை நீங்களும் ஒரு படியில் அளந்து நிறுத்துப் பாருங்கள். கடைக்காரரைப் பற்றிய உங்கள் கருத்து மாறினால் அதற்கு நான் பொறுப்பல்லேன்!

இப்போது ஏழைக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை மார்கழியில் காய் பறிக்கும் காலம். ஆனால் ஆனி மாதத்திலேயே பள்ளிக் கட்டணம் வந்துவிடுகிறது. ஆவணியில் ஒரு திருமணம். ஐப்பசி அடைமழையில் ஒரு காய்ச்சல். கையில் காசில்லை. அந்த வேளையில் வியாபாரி வருகிறார். கொடியில் பச்சைச் சரம் தொங்கும்போதே மொத்தத்திற்கும் ஒரு விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு பறிப்பது அவர் ஆள், பறிக்கும் நாள் அவர் நாள். சரம் சிவப்பதற்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. ஒரே முறையில் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போய்விடுவார். கொடியின் இளங்கிளை முறிந்தால் அடுத்த ஆண்டு இழப்பு கொடிக்கு உரியவனுக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கருமிளகு கிலோ 600 ரூபாய் விற்கும் ஆண்டில், மூன்று கிலோ பச்சைக்கு 300 ரூபாய் மதிப்பில் அவன் முன்பணம் பெற்றிருந்தால், நான்கைந்து நாள் வெயிலும் சில மாதப் பொறுமையும் சேர்ந்து ஈட்டிய மற்ற 300 ரூபாய் அவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. இந்த எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இவ்வகைப் பேரத்தைக் காண மலையூர்ச் சந்தைகளில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

வியாபாரியை மட்டும் பழிப்பதில் பொருளில்லை. மழைக்காலத்தில் அவசரத்திற்குப் பணம் தரும் ஒரே மனிதர் பல ஊர்களில் அவர்தாம். அவருடைய இடத்தில் வேறு ஏற்பாடு வராத வரையில் அவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

மிளகின் தனிச் சிறப்பை இங்கே நினைக்க வேண்டும். தக்காளி பறித்த மூன்றாம் நாள் அழுகிவிடும். பாலோ மாலைக்குள் திரிந்துவிடும். நன்றாக உலர்ந்த மிளகு சாக்கில் ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. காத்திருக்கத் தெரிந்த பொருள் அது. காத்திருக்க முடியாதவன் அதை விளைவிக்கிற மனிதன். மிளகு சாகுபடியில் உழவனுக்கு உதவி என்று பேசும்போது, கன்றும் உரமும் கொடுப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். காய் காய்க்கும் வரை அவற்றால் பயன்தான். காய்த்த பின்னர் அவனுக்கு வேண்டியது காலம்.

நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் பள்ளத்தாக்குகளில் நெல்லும், மேட்டில் மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் மிளகும், அவற்றின் நிழலில் காப்பியும் காணலாம். அங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பாலும் சிறு நிலக்காரர்கள். முன்னர் அவர்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டே உண்டு வந்தனர். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. கையில் காசு வந்தது. தானியக் கொல்லை சுருங்கியது. மரவள்ளியின் விலை சரிந்த ஆண்டில் காசும் இல்லை, குதிரில் சாமையும் இல்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களை மீட்டெடுக்கும் பணியை மேற்கொண்டதற்கு இதுவே பின்னணி. சாமை குத்தும் கடுமையான உழைப்பு பெண்களின் தோளிலிருந்து இறங்க வேண்டும் என்பதற்காகச் சிறு அரவை இயந்திரங்களை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்ததும் அப்பணியில் அடங்கும்.

மிளகைப் பற்றிப் பேசுகையில் சாமைக்கு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். மரவள்ளி சாமையின் நிலத்தைப் பறித்துக்கொண்டது. மிளகோ மரத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. மேட்டில் சாமையும் மரத்தில் மிளகும் ஒரே குடும்பத்திற்கு இருக்க முடியும். வீட்டில் மூன்று மாதத்துக்குத் தானியம் இருந்தால், ஐப்பசியில் வரும் முன்பணத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவு அந்தக் குடும்பத்துக்கு வரும்.

இந்தத் துணிவு இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதை வயநாட்டில் கண்டோம். அங்கே மிளகும் காப்பியும் பல்லாயிரம் சிறு குடும்பங்களை வாழ வைத்தன. 1999-ஐ ஒட்டிக் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய மிளகு, சில ஆண்டுகளிலேயே 70 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. காப்பி விலையும் அதே காலத்தில் வீழ்ந்தது. அத்துடன் நோயும் வந்தது. மழைக்காலத்தில் வேர்ப்பகுதியைத் தாக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரால், முந்தின வாரம் பச்சைப் பசேலென்று நின்ற கொடி, அடுத்த வாரத்தில் இலை உதிர்த்துக் கருகிவிடும். விரைவு வாடல் என்று இதற்குப் பெயர். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையை மழைக்கு முன் தெளிப்பதும், அடியில் நீர் தேங்காமல் வடித்துவிடுவதும் தடுப்பு முறைகள். ஆனால் விலை வீழ்ந்த ஆண்டில் மருந்து தெளிக்கக் கையில் பணம் ஏது? பேணாத தோட்டத்தில் நோய் பரவியது. நோய் பரவிய தோட்டத்தின்மேல் கடன் ஏறியது. இந்த நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் உழவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்திகள் நாட்டை உலுக்கின. கேரள அரசு கடன் நிவாரண ஆணையத்துக்கென 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது அதன் பின்னரே.

விளைச்சல் பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்போருக்கு வியட்நாமின் கதையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாகச் சில நூறு கிலோ மிளகு கிடைக்க, அங்கே இரண்டு டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலக மிளகு ஏற்றுமதியில் அந்நாடு முதலிடம் பிடித்துவிட்டது. அங்கும் பயிரிடுவோர் பெரும்பாலும் சிறு குடியானவர்களே. 2015-ஐ ஒட்டி விலை உச்சியில் நின்றபோது, கியா லாய் போன்ற மேட்டு நில மாநிலங்களில் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டும், வங்கியில் கடன் வாங்கியும், கம்பம் நட்டுக் கொடி ஏற்றினார்கள். 50,000 ஹெக்டேர் போதும் என்று அரசு திட்டமிட்டிருக்க, 2017-இல் பரப்பு 1,50,000 ஹெக்டேரைக் கடந்தது. பிறகு விலை ஆண்டுதோறும் இறங்கி, 2020-இல் பழைய உச்சியில் ஐந்தில் ஒரு பங்காயிற்று. நெருக்கமாக நட்டு உரம் கொட்டி வளர்த்த தோட்டங்களில் வாடல் நோய் பரவியது. வறண்ட கம்பங்களையும் வங்கிக் கடனையும் விட்டுவிட்டுப் பலர் நகரத்து ஆலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். உலகிலேயே மிகுதியாக மிளகு விளைவித்த கைகள் அவை.

ஆகவே மிளகு ஒருவனை உயர்த்துவதும் கவிழ்ப்பதும் கொடியைப் பொறுத்தது மட்டுமன்று; அவன் நிலத்தில் மிளகுக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறான், விலை இறங்கிய நாளில் எதை உண்ணப் போகிறான் என்பதையும் பொறுத்தது. தென்னை, பலா, காப்பி, கிழங்கு, தானியம் ஆகியவற்றோடு ஒன்றாக மிளகு நிற்கும் கொல்லையில் விலைச்சரிவு துன்பம் தரும், குடியைக் கெடுக்காது. மிளகு மட்டுமே நிற்கும் கொல்லை ஒரு சீட்டாட்டம்.

காத்திருப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. ஈரோட்டு மஞ்சள் உழவர் இதை நன்கறிவர். மஞ்சளும் மிளகைப் போலக் காத்திருக்கும் பொருள்தான். 2010-11-இல் அதன் விலை குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று மூட்டைகளை அடுக்கி வைத்தவர்கள், 2012-இல் அதே மஞ்சளை 5,000 ரூபாய்க்கும் குறைவாக விற்க நேர்ந்தது. அறுவடைக் கூட்டத்தின் நெரிசலில் விற்காமல் சில மாதம் பொறுத்து, பகுதி பகுதியாக விற்பது ஒன்று. உச்சியைத் தேடி ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பது வேறு. முன்னது குடித்தனம். பின்னதற்குப் பெயர் உங்களுக்கே தெரியும்.

அப்படிச் சில மாதம் பொறுக்க வழி என்ன? வழி இருக்கிறது, சமவெளியில் நெடுங்காலமாக இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் விளைபொருளை வைத்துவிட்டு, அதன் மதிப்பில் பெரும்பகுதியைக் குறைந்த வட்டிக்குக் கடனாகப் பெற்று, விலை பார்த்து விற்றுக் கடனைத் தீர்க்கலாம். பொருளீட்டுக் கடன் என்று இதைச் சொல்வார்கள். கிடங்கு ரசீதையே பிணையமாகக் காட்டி வங்கியில் கடன் பெறுவதற்கு 2007-ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டமும் இடம் தருகிறது. நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பயன்படும் இந்த ஏற்பாடு, இரண்டு மூட்டை மிளகு வைத்திருக்கும் மலைக் குடும்பத்துக்கு எளிதில் எட்டுவதில்லை. விற்பனைக் கூடம் பெரும்பாலும் அடிவாரத்துக்கு அப்பால் இருக்கிறது. இரண்டு மூட்டைக்காக ஒரு வண்டி வைத்து இறங்கி, ஒரு நாள் வேலையை விட்டு, படிவம் எழுத ஆள் தேடி, மாலைக்குள் திரும்ப வேண்டும். கூட்டிப் பார்த்தால் கடனில் மிஞ்சுகிற ஆதாயம் வண்டிச் சத்தத்திலேயே கரைந்துவிடும். ஐந்தாறு கிலோமீட்டரில் வீட்டு வாசலுக்கே வரும் வியாபாரியை அவர்கள் ஏன் நாடுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஒரு குடும்பம் செய்ய முடியாததை இருபது குடும்பங்கள் செய்யலாம். மலைவாழ் மக்களுக்கென்று பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வந்திருக்கின்றன. ஊருக்கு நடுவே பொதுவாக ஒரு சிமெண்டுக் களம், அதன் ஓரத்தில் ஈரம் புகாத ஓர் அறை, ஒரு தராசு, ஒரு லிட்டர்ப் படி, யாருடைய மூட்டை எத்தனை கிலோ, எந்த நாளில் வந்தது, எவ்வளவு முன்பணம் போயிற்று என்று பிழையின்றி எழுதிய ஒரு கணக்கேடு. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். இவற்றுள் களமும் அறையும் அரசின் உதவியால் கட்டப்பட்டுவிடும். எங்கும் தட்டுப்படுகிற குறை அந்தக் கணக்கேடுதான். நம்பிக்கையோடு எழுதப்படாத ஏட்டினால் கலைந்துபோன சங்கங்கள் நம் நாட்டில் ஏராளம். அந்த மலையூர்களிலிருந்து முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவர்களும் மாணவியரும் இன்று இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். மார்கழி விடுமுறையில் அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருக்கும். மூட்டைகளை நிறுத்து எழுத ஒருவர் வேண்டியிருக்கும்.